பாட்டு நிற்கிற இடம்

பகல் பதினொரு மணி வெயில் உயரத்து ஜன்னல் வழியே தையல் கூடத்துக்குள் இறங்கி, அடுக்கிவைத்த வெள்ளைக் காலர்களின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பன்னிரண்டு எந்திரங்களும் ஆளுக்கொரு வேகத்தில் இரைகின்றன. எல்லாரும் காலர் அக்கா என்று கூப்பிடுகிறவளுக்கு மட்டும் காது முழுக்க அலமாரி மேலிருக்கும் ரேடியோவில்தான். ஒரு வாரமாக அது போடுகிற ராக் பாட்டு மறுபடியும் தொடங்குகிறது. ஒற்றுமையைப் பற்றிய பாட்டு; டிரம்ஸ் வாசிப்பவன் அவள் தம்பி. ‘ஒன்றாய் நில் என்று கத்தினால் ஆயிற்றா? வெறும் இரைச்சல்’ என்று இன்றைய பத்திரிகை கழுவி ஊற்றியிருக்கிறது. “இன்னையோட டிரம்ஸை மூட்டை கட்டிடுறேன்க்கா” என்று சொல்லிவிட்டு அவன் சாப்பிடாமல் படுத்துக் கிடக்கிறான். அது தன் தம்பி வாசிப்பு என்று இங்கே யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை. “திரும்பவும் இந்தத் தலைவலியா?” என்கிறாள் பக்கத்தில் சட்டைக் கை தைக்கிறவள். ஆனால் அப்படிச் சொன்னவளின் பாதம் டிரம்ஸ் அடிக்குத் தக்கபடி மிதியை அமுக்கி அமுக்கி எடுக்கிறது. காலர் அக்கா மெல்லத் திரும்பிப் பார்க்கிறாள். அடுத்தவள் பாதமும் அப்படித்தான், அதற்கடுத்தவள் பாதமும் அப்படித்தான். கூடம் முழுக்க ஒரே தாளத்தில் தைத்துக்கொண்டிருக்கிறது, ஒருத்திக்கும் தெரியாமல். பாட்டின் நடுவில் தம்பி குச்சியைத் தூக்கிப் பிடித்து நிறுத்துகிற இடம் ஒன்று உண்டு. மூன்று எண்ணும் நேரத்துக்குச் சத்தமே இராது. அந்த இடம் வருகிறது. பன்னிரண்டு எந்திரங்களும் நின்றுபோகின்றன. கண்ணாடி அறையிலிருந்து மேற்பார்வையாளர் பதறி எட்டிப் பார்க்கிறார். “என்னம்மா, கரண்ட் போயிடுச்சா?” அவர் தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கிறது.