மேட்ரன் போனுக்கு மட்டும் தடை

அநியாயம் நடந்தது மேட்ரன் செபமாலையம்மாளுக்கு. ராத்திரி எட்டு அடித்தால், ஆனைக்கரைப் பக்கத்து அந்தக் கல்லூரியின் பெண்கள் விடுதியில் எல்லார் போனிலும் வைஃபை ஓடும். அவர் போனில் மட்டும் நின்றுபோகும்.

மகள் ஜிஜி குவைத்தில் நர்ஸ். டூட்டி முடிந்து அவள் வீடியோவில் வருவதே எட்டு மணிக்கு மேல்தான். விடுதிக்குள் மொபைல் ரேஞ்ச் கிடையாது. மகள் முகத்தைப் பார்க்க, குடையும் டார்ச்சுமாக ஏலக்காய் ஸ்டோர் மேடுவரை ஏறவேண்டும் அந்தம்மா.

விஷயம் இந்துவின் காதுக்கு வந்தது ஒரு காலை, இட்லித் தட்டோடு நிற்கும்போது.

"ஏனுங்க்கா, உங்களுக்கு மட்டும் ஏன் நிக்குது? நான் போய்க் கேக்கறனுங்க."

"நீ ஒண்ணும் கேக்க வேண்டாம் பிள்ளை. நடந்தா உடம்புக்கு நல்லதுதானே. தின்னுட்டு கிளாஸுக்குப் போ."

கேட்காதே என்று சொன்னால் இந்துவுக்கு அது பத்திரிகை வைத்து அழைத்த மாதிரி. கோபாலபுரத்துக்காரி, கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம். விடுதியில் அவளுக்குப் பெயரே வக்கீல்.

பெயர் சும்மா வரவில்லை. பெண்கள் விடுதிக்கு மட்டும் எட்டு மணிக்கு மேல் நெட் கிடையாது என்று பிரின்சிபால் ஒருநாள் அறிவித்தார். இந்து அவரை வராந்தாவிலேயே மறித்துக்கொண்டாள். "பசங்களுக்கு எட்டு மணிக்கு மேல பாடம் ஏறும், எங்களுக்கு ஏறாதுங்களா சார்?" என்று ஆரம்பித்து அவர் காபி ஆறும்வரை விடவில்லை. அன்றைக்கு ராத்திரி நெட் நிற்கவில்லை. அதற்குப் பிறகும் நிற்கவில்லை.

நேராக லேப்புக்குப் போய் உட்கார்ந்தாள். எந்த போனுக்கு நெட்டை நிறுத்துவது என்று கல்லூரி நெட்டைப் பார்த்துக்கொள்ளும் சிஜு எழுதிய தடை ப்ரோக்ராம், பாடத்துக்காக மாணவர்கள் பார்க்கிற மாதிரியே வைக்கப்பட்டிருந்தது.

"இன்னிக்கு யாரு மேல கேஸ் வக்கீலே?" என்றாள் பக்கத்து சீட் ஃபஸீலா.

"பொறு, சாட்சிய விசாரிச்சுக்கறேன்."

அது எழுதப்பட்ட பைத்தான் மொழியில் நெட் முகவரிகளுக்கென்றே ஒரு லைப்ரரி உண்டு. ஒரு போனின் முகவரியைக் கொடுத்து, இது தடைக்குள் வருகிறதா என்று கேட்டால் வளவளக்காமல் ட்ரூ, ஃபால்ஸ் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடும்.

இந்து தன் போன் முகவரியைக் கொடுத்தாள். ஃபால்ஸ். ஃபஸீலாவுடையது, ஃபால்ஸ். மாடியில் இருப்பவர்கள், கீழே இருப்பவர்கள், எல்லாம் ஃபால்ஸ். மேட்ரனுடையதைக் கொடுத்தாள்.

ட்ரூ.

"பாத்தியா? முகவரிக்குப் பின்னால கோடு போட்டு முப்பத்திரண்டுன்னு எழுதியிருக்காரு. அப்படின்னா ஒரே ஒரு போனுதான் மாட்டும். இருபத்துநாலுன்னு இருந்தா விடுதி மொத்தமும்."

"தெருவ அடைக்கறேன்னு போய் ஒரு வீட்டு வாசல மட்டும் அடைச்ச மாதிரியா? கை தவறியிருக்கும்டி."

"கை தவறினது கரெக்டா அந்தம்மா போன்லயே போய் விழுமா?"

இந்து எழுந்துவிட்டாள்.

சிஜு தன் அறையில் பால் விடாத கட்டஞ்சாயா குடித்துக்கொண்டிருந்தார்.

"சிஜு சார், செபமாலையம்மா உங்களுக்கு என்னங்க கெடுதல் பண்ணினாங்க?"

"சேச்சியா? ஒண்ணும் இல்லையே. ஞாயிற்றுக்கிழமை மீன்கறி தருவாங்க."

"மீனையும் தின்னுட்டு நெட்டையும் அறுத்தீங்களா? எஸ்டேட் கூலிக்காரங்க லயத்துல இருந்து வந்தவங்க, கேக்க நாதியில்லைன்னுதானே? நான் பிரின்சிபால்கிட்டப் போறேன்."

சிஜு கிளாஸைக் கீழே வைத்தார். "போயி?"

"முப்பத்திரண்டுன்னு தப்பா எழுதியிருக்காருன்னு சொல்லுவேன். திருத்தச் சொல்லுவேன்."

"திருத்தினா இருபத்துநாலு ஆகும். பரவாயில்லையா?"

"இருபத்துநாலு எதுக்குங்க? தடையையே எடுங்க. அந்த ஆர்டரத்தான் நான் பேசி வாபஸ் வாங்க வெச்சாச்சே."

சிரிப்பை மறைக்க சிஜு மறுபடியும் கிளாஸை எடுத்தார்.

"வாபஸ்னு யாரு சொன்னா? ஆர்டர் அப்படியே இருக்கு. எட்டு மணிக்குத் தடையும் நடக்குது. எத்தன போனுக்கு நடக்குதுன்னு மட்டும் பிரின்சிபாலுக்குத் தெரியாது."

வக்கீல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்ப அந்த முப்பத்திரண்டு..."

"சேச்சி சொன்னாங்க, நான் எழுதினேன். மீதிய அங்க போய்க் கேளு. நின்னு கேளு, கத்தாத."

இந்து விடுதிக்கு வந்தபோது செபமாலையம்மாள் சமையலறையில் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். போன காரியம் என்ன ஆயிற்று என்று இவள் முகமே சொல்லியிருக்க வேண்டும். அவர் ஒரு முக்காலியை இவள் பக்கம் தள்ளினார்.

"எங்களுக்கு நெட்டு விடணும்னா தடையே போடாம விட்டிருக்கலாமில்லீங்க்கா?" இந்துவின் குரல் வழக்கத்தில் பாதிதான் இருந்தது. "யாருக்குத் தெரியப்போகுது? எதுக்கு உங்க போன மட்டும் குடுத்தீங்க?"

செபமாலையம்மாள் கத்தியை நிறுத்தவில்லை.

"பிரின்சிபால் தினமும் எட்டரைக்கு ஆபீஸ் போனுல கூப்பிட்டு, 'மேட்ரன், நெட்டு நின்னாச்சா'ன்னு கேப்பாரு பிள்ளை. எனக்குப் பொய் சொல்லி வராது. அதான், என் போன்ல மட்டும் நிசமாவே நிப்பாட்டிருன்னு சொன்னேன்."