எது அதிக சத்தம்?

"ரெண்டுல எதுங்க அதிகமா சத்தம் போடும்?" என்று கேட்டான் ஹரீஷ்.

கார் ஷோரூம்காரர் விழித்தார். மைலேஜ் கேட்பார்கள், கலர் கேட்பார்கள். இப்படி யாரும் கேட்டதில்லை.

"பெர்ஃபார்மன்ஸ் பேக்தான் சார். ஸ்டாண்டர்டைவிட பவர் அதிகம், ரெட்டைக் குழல் சைலன்சர். கிளப்பினா தெருவே அதிரும்."

"அதையே குடுங்க."

கூட வந்திருந்த தாய்மாமன் பரந்தாமனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அரக்கோணத்தில் ரயில்வே வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்ததே மருமகனுக்குப் புத்தி சொல்லத்தான்.

"ஏண்டா, சென்னையில கம்ப்யூட்டர் வேலை பாத்தா தலைகால் புரியாதா? ஸ்போர்ட்ஸ் காரே ஓவரு. இதுல சத்தம் வேற கேக்குதா உனக்கு? ஸ்டாண்டர்டு போதும். கம்முனு போவும், கம்முனு வரும்."

"இல்ல மாமா, இதான் வேணும்."

"உங்க நைனாவ நெனச்சிப் பாத்தியா? திருத்தணியில முப்பது வருஷமா விசைத்தறி சத்தத்துலயே கெடந்த மனுஷன். எங்க அக்கா போனப்புறம் ஒண்டியா இருக்காரு. இப்பவாவது நிம்மதியா இருக்க வேணாமா?"

ஹரீஷ் புக்கிங் பாரத்தை நிரப்ப ஆரம்பித்தான்.

"எங்க பாவா, அக்கா புருஷன்னாலும், அவர மாதிரி தங்கமான மனுஷன் உண்டாடா? நான் என்னா சொன்னாலும் தலையாட்டுவாரு. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசமாட்டாரு. நீ வர்ற ஞாயித்துக்கெழமன்னா காலையிலேர்ந்தே தெருமுனையில வெயில்ல நின்னுகினு இருக்காரு. உள்ள வந்து உக்காருங்கன்னா, அதுக்கும் தலையாட்டிட்டு அங்கயே நிக்கிறாரு. அவருக்குப் போயி இப்பிடி ஒரு புள்ள!"

ஹரீஷ் கையெழுத்துப் போட்டான்.

வண்டி கைக்கு வந்த அன்று, அப்பா சேஷகிரிக்குச் சொல்லாமல் மாமாவும் மருமகனும் நேரே மலைக்கோயிலுக்குப் போய்ப் பூஜை போட்டார்கள். எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்ற வண்டியைக் கிளப்பியதும், தேங்காய்க்குக் காத்திருந்த குரங்குகள் தெறித்து ஓடின.

"இந்தச் சத்தத்துக்கு முருகனே மயிலக் கிளப்பிகினு போயிருப்பாரு," என்றார் மாமா.

வீட்டுத் தெருவுக்குள் நுழைந்தபோது ஜன்னல்கள் அதிர்ந்தன. எதிர்வீட்டுக் கோவிந்தம்மாள் காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

"புதுப் பணம்! அதான் இந்தக் கத்து கத்துது!"

மாமா வெட்கம் தாங்காமல் இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு சீட்டில் குறுகினார்.

வண்டி நிற்பதற்குள் சேஷகிரி கையில் தோசை மாவோடு வாசலுக்கு ஓடி வந்தார். மகனைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"நீயாடா! அடுப்பாண்ட இருந்தேன். எவ்ளோ நாளாச்சி, ஒரு வண்டி சத்தம் காதுல வுழுந்து! லேசாத்தான் வுழுந்துச்சி. யாருன்னு பாக்கலாம்னு ஓடியாந்தேன்."

ஹரீஷ் இறங்கி வந்து, அவர் காதருகே வாயை வைத்துக் கத்தினான்.

"இனிமே வெயில்ல போய் நிக்காத நைனா! இந்தச் சத்தம் கேட்டா நான்தான்!"

சேஷகிரி தலையாட்டினார்.

மாமா மெல்லக் காதிலிருந்து விரலை எடுத்தார். தான் சொன்னதற்கெல்லாம் பாவா வருஷக்கணக்காகத் தலையாட்டியது அவருக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது.

"ஹரீஷு," என்றார். "இதவிட இன்னும் கொஞ்சம் சத்தமா வேற வண்டி இல்லியாடா?"