பாட்டிலின் பின்பக்கம்

"முன்பக்கத்துல என்ன வேணா எழுதுவான். பின்பக்கத்தைத் திருப்பிப் படிம்மா."

மருந்துக் கடைப் பெண் பெருமூச்சை அடக்கிக்கொண்டாள். காலையிலிருந்து நின்று கால் கடுத்தது. கிழவரோ இரண்டு கற்றாழை ஜூஸ் பாட்டில்களை மேசையில் நிறுத்திவைத்து, மாட்டைப் பல் பிடித்துப் பார்ப்பவர் போல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணாடி சட்டைப் பையிலேயே இருக்கே ஐயா, நீங்களே படிக்கலாமே."

"அது தூரத்துக்கு. கிட்டத்துல ஒண்ணும் தெரியாது. படி."

அவள் தங்க மூடி போட்டதை எடுத்தாள். "இதுதான் நல்லாப் போகுது. சர்க்கரை, மூட்டுவலி, முடி கொட்டுறது, எல்லாத்துக்கும் மருந்து. நானே எனக்கு ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேன்."

பொய்யில்லை. அவளுக்கு இது நான்காம் மாதம். மலச்சிக்கலில் வயிறு இறுகிக் கிடந்தது. இன்றிலிருந்து குடிக்கலாமென்று ஒரு பாட்டில் அவள் பைக்குள் இருந்தது.

"எல்லாத்துக்குமா? அப்ப ஆஸ்பத்திரியை இழுத்துப் பூட்டிடலாம்" என்றார் கிழவர். "இலையைத் தோலோட அரைச்சதா, மஞ்சள் பாலை வடிச்சுட்டு உள்ளே இருக்கிற சோத்தை மட்டும் எடுத்ததா?"

அவள் திருப்பிப் பார்த்தாள். "முழு இலைன்னு போட்டிருக்கு. மஞ்சள் பாலை எடுத்தாங்களான்னு போடல."

"போடலேன்னா எடுக்கலேன்னு வெச்சுக்க. தோலுக்கடியில இருக்கிற அந்தப் பால் ஆளைச் சுருட்டிடும். மூணு நாள் வயித்தால போயி, பாயும் நானுமாக் கிடந்தவன் சொல்றேன். தள்ளி வை. அடுத்தது."

அடுத்தது சாதாரணப் பச்சை லேபிள். யாரும் கேட்டு வாங்காதது.

"'தோலும் மஞ்சள் பாலும் நீக்கிய சோறு மட்டும். முதலில் இரண்டு ஸ்பூன் குடித்துப் பார். வயிறு இளகினால் நிறுத்து. திறந்த பாட்டிலை ஃபிரிட்ஜில் வை.'" நிமிர்ந்தாள். "என்னங்க, வா போன்னு எழுதியிருக்கான்?"

கிழவர் முகம் கறுத்தது. "விஷயம் சரியா, தப்பா?"

"சரிதான்."

"அப்புறம் மரியாதை எதுக்கு? மேலே படி. நிறுத்தி நிதானமாப் படி."

"'சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவன் டாக்டரைக் கேட்காமல் தொடாதே. இது மருந்து இல்லை. மருந்து என்று எவன் சொன்னாலும் நம்பாதே.'"

அவளுக்குக் காது சுட்டது. கிழவர் ஒன்றும் அறியாதவர் போல மின்விசிறியைப் பார்த்தார்.

"'பிள்ளை வயிற்றில் இருந்தால்...'"

குரல் நின்றுவிட்டது.

"படிம்மா."

"'பிள்ளை வயிற்றில் இருந்தால் ஒரு சொட்டும் வேண்டாம் தாயே. பால் கொடுத்தாலும் வேண்டாம்.'"

அவள் குனிந்து பையிலிருந்த பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தாள். "நாலு மாசம்ங்க. இன்னிக்குத்தான் ஆரம்பிக்க இருந்தேன். டாக்டரைக் கேட்கணும்னுகூடத் தோணல."

"தோணாது. செடிதானேன்னு நினைப்போம்." கிழவர் குரலில் முதல்முறையாக முரடு இல்லை. "இப்பச் சொல்லு, வா போன்னு எழுதினது தப்பா?"

"எழுதின கை நல்லா இருக்கணும்ங்க."

கிழவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அந்தத் தாயேங்கிற இடத்தை இன்னொரு தடவை படி."

படித்தாள். கண்ணை மூடிக் கேட்டார்.

"அப்பா, இன்னிக்கு இது நாலாவது கடை." வாசலில் ஒரு பெண் இடுப்பில் கைவைத்து நின்றாள். கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையில் அதே பச்சை லேபிள். "மன்னிச்சுக்குங்கம்மா, இவர் வாங்க மாட்டார். வீட்ல ஒரு பெட்டி நிறையக் கிடக்கு."

கடைப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்புறம் எதுக்குங்க என்னைப் படிக்க வெச்சீங்க?"

கிழவர் சட்டைப் பையிலிருந்த கண்ணாடியை எடுத்து மகளிடம் நீட்டினார். அது அவளுடையது.

"நீ சொன்ன அந்தக் கை இவ கை. டாக்டர்கிட்ட கேட்டு வந்து விஷயத்தை இவதான் சொன்னா. ஆளுக்குப் புரியிற மாதிரி நான் சொல்லச் சொல்ல, ஒரு சொல்லை மாத்தாம கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தா" என்றார், நெஞ்சை நிமிர்த்தி. "வாய் என்னோடதும்மா, படிக்கத்தான் தெரியாது."