கடைசி வரிசைப் பெண்

"மேடம், அந்தப் பொண்ணு கால் தரையில பட்டுச்சா? பார்த்தீங்களா?"

ஜீப்பைக் கிளப்பாமலே கேட்டார் டிரைவர் லூர்துசாமி.

"வண்டிய எடுங்க, நேரமாவுது" என்றார் குணசுந்தரி.

அதட்டிவிட்டாரே தவிர, அவருக்கும் முதுகு சில்லிட்டுத்தான் இருந்தது.

குணசுந்தரி ஒன்றியக் கவுன்சிலர். கல்விக் குழுவுக்கும் அவர்தான் தலைவி. பிச்சாவரத்தைச் சுற்றியுள்ள கடலோரப் பள்ளிகளில் அன்று திடீர் ஆய்வு. திடீர் என்பதெல்லாம் அவர் நினைப்பு. எந்தப் பள்ளிக்கு எப்போது வருகிறார் என்பது முந்தின நாளே சத்துணவு ஆயா வரைக்கும் தெரியும்.

அவர் வந்தால் வாத்தியார்களுக்கு உதறல்தான். ஏதாவது ஒரு பிள்ளையை எழுப்பிப் படிக்கச் சொல்வார். திக்கினால் தீர்ந்தது. 'தரமில்லை, பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடலாம்' என்று எழுதிவிடுவார். அதிகாரிகளும் மறுபேச்சில்லாமல் இழுத்து மூடிவிடுவார்கள். கைநீட்டிக் காசு வாங்குகிறவர் இல்லை. பிள்ளைகள் உருப்பட வேண்டும் என்று நிஜமாகவே நினைப்பவர். அதனாலேயே அவரிடம் பயம் ஜாஸ்தி.

காலையில் முதல் பள்ளியில் ஒரு பிள்ளையும் உருப்படியாகப் படிக்கவில்லை. அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் தானாக எழுந்தாள். நாலாம் வகுப்புப் பாடத்தைத் தண்ணீர்பட்ட பாடாக வாசித்தாள். பாவாடை மட்டும் முழங்கால் வரை நனைந்திருந்தது. குணசுந்தரிக்கு மனசு நிறைந்துபோனது. பள்ளி தப்பித்தது.

ரோட்டில் சுற்றிக்கொண்டு இரண்டாவது பள்ளிக்குப் போனார்கள். அங்கேயும் பிள்ளைகள் திக்கினார்கள். அங்கேயும் கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள்.

அதே முகம். அதே ஈரப் பாவாடை.

வழியில் ஜீப்பை ஒரு சைக்கிள்கூட முந்தவில்லை. அதுதான் லூர்துசாமியைக் கலக்கிவிட்டது.

"சுனாமி வந்து மூணு வருசம் ஆவுது. இந்தப் பக்கம் போன புள்ளைங்க கொஞ்ச நஞ்சமா மேடம்? படிக்க ஆசப்பட்ட புள்ளயா இருக்கும்" என்று சிலுவை போட்டுக்கொண்டார்.

"சும்மா இருங்க. அக்கா தங்கச்சியா இருக்கும்."

"ஜாடை ஒண்ணா இருக்கலாம் மேடம். ஈரமுமா ஒண்ணா இருக்கும்?"

குணசுந்தரி கையை நீட்டி ரோட்டைக் காட்டினார். ஜீப் கிளம்பியது.

மூன்றாவது பள்ளி, ரோடு முடிகிற இடத்தில் இருந்தது. உள்ளே நுழைந்ததுமே குணசுந்தரியின் கண் கடைசி வரிசைக்குத்தான் போனது. அந்தப் பெண் இல்லை. அப்பாடா என்றிருந்தது.

முன்வரிசைப் பையன் ஒருவனை எழுப்பினார். அவன் ஒரு வரி படித்தான். அடுத்த வரியில் நின்றுவிட்டான். அந்த வகுப்பு மகேஸ்வரி டீச்சரின் முகம் வெளுத்தது. குணசுந்தரி பேனாவைத் திறந்தார்.

அவன் நிறுத்திய இடத்திலிருந்து, அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் பாடத்தைத் தொடர்ந்தது.

திரும்பினார். வாசற்படியில் அவள் நின்றிருந்தாள். கையில் புத்தகம் இல்லை. கண் இமைக்காமல் இவரையே பார்த்துக்கொண்டு வரிவரியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பாவாடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. வெளியே லூர்துசாமி, "ஏசுவே" என்றது கேட்டது.

வருவது வரட்டும் என்று குணசுந்தரி போய் அவள் கையைப் பிடித்தார். ஜில்லென்றிருந்தது. ஆனால் எலும்பும் தோலுமாக, நிஜமான கை.

பயம் போனதும் கோபம் வந்தது.

"டீச்சர், இது ஒங்க ஸ்கூல் புள்ளயா?"

மகேஸ்வரி டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். "இல்லைங்க மேடம். நேத்து வந்து, நாளைக்கு நானும் வந்து ஒக்காந்துக்கறேன்னு கேட்டுச்சு. வேணாம்னு சொல்ல எனக்கு மனசு வரல."

"நல்லா படிக்கிற ஒரு புள்ளயப் புடிச்சி ஸ்கூல் ஸ்கூலா அனுப்பறீங்களா? மூணு ஸ்கூலயும் சேர்த்தே எழுதறேன் பாருங்க!"

"ஐயோ, டீச்சருங்க யாரும் அனுப்பல மேடம்" என்று பதறினாள் அந்தப் பெண். "நானாதான் வந்தேன். அப்பா படவுல ஏறி வந்தேன். நீங்க ரோட்டுல சுத்தி வருவீங்க. வாய்க்கால் வழியா வந்தா குறுக்கு. எறங்கறப்பதான் பாவாடை நனைஞ்சிடுது."

"ஒம் பேரு இன்னா? எந்த ஊரு?"

"எழிலரசி. ஓடக்கரைமேடு."

"அங்கதான் ஸ்கூலே இல்லையே!" குணசுந்தரியின் வாயிலிருந்து சட்டென்று வந்துவிட்டது. மூட எழுதியதே அவர்தான்.

"ஆமா மேடம். போன வருசம் நீங்க வந்தப்ப என்னையதான் எழுப்பிப் படிக்கச் சொன்னீங்க. எனக்குத் தெரியல. மூடிட்டாங்க. பக்கத்து ஸ்கூலுக்கு ஆத்தத் தாண்டணும். தெனம் படவுல கொண்டாந்து விட ஆளில்ல. எங்க ஊர்ல யாரும் போறதில்ல. எல்லாம் ஒன்னாலதான்னு திட்டறாங்க."

"அப்புறம் நீ எப்படி இவ்ளோ நல்லா படிக்கற?"

"புக்கெல்லாம் பூட்டுன ஸ்கூலுக்குள்ளயே கெடந்துச்சு. ஜன்னல்ல பூந்து எடுத்தேன். தெரிஞ்சவுங்கள கேட்டுக் கேட்டுப் படிச்சிட்டேன்."

குணசுந்தரியின் கை தானாகத் தளர்ந்தது. அத்தனை பிள்ளைகளுக்கு முன்னால் அவருக்கு அவமானமாக இருந்தது. எங்கே பார்ப்பதென்றே தெரியவில்லை.

எழிலரசி தயங்கித் தயங்கி இன்னும் கிட்டே வந்தாள்.

"நீங்க எந்த ஸ்கூலுக்குப் போனாலும் சொல்லுங்க மேடம், நான் வந்து படிச்சிக் காட்டிடறேன். எதையும் மூடிடாதீங்க."