முகப்பில் நிற்காத இணைப்பு

‘நவம்பர் 12. இன்று மாலை வகுப்பில் ஒரு சிறு தவறு செய்தேன்’ என்று எழுதிவிட்டு, ‘சிறு’ என்ற சொல்லை எர்மெக் அடித்தான்.

நடந்ததை வரிசையாக எழுதினால்தான் எங்கே பிசகியது என்று அவனுக்குத் தெரியும். இன்று எழுதும் முன்பே தெரிந்திருந்தது.

பிஷ்கெக் நகரத்தில் பிழைக்கும் தன் ஊர்க்காரர்களுக்காக அவன் ஓர் ஆப் செய்திருந்தான். கல்யாணம், சாவு, தொலைந்த குதிரை எல்லாம் அதில் வரும்.

ஊர்ப் பெரியவர்கள் ஒரே நிபந்தனைதான் போட்டிருந்தார்கள். சாவு என்றால் முகப்பில் பெயர் இருக்கக் கூடாது. ‘துக்கச் செய்தி, பெரியவர்களைக் கேட்கவும்’ என்று மட்டும் வர வேண்டும். செத்தவரின் பிள்ளைகளுக்குப் பெரியவர்களே நேரில் போய், உட்காரவைத்து, மெல்லச் சொல்வார்கள்.

ஆப் செய்யக் கற்றுத்தரும் அந்த மாலை வகுப்பில் பக்கத்து மேசைப் பெண் சைக்காலும் அதே ஊர். தினமும் கிண்டல்.

“உன் ஆப் தெறக்கறதுக்குள்ள எனக்குக் கல்யாணமாகிப் பேரனே பொறந்துடுவான்டா.”

அதற்குப் பதில் சொல்ல இன்றைய பாடம் கைகொடுத்தது. ஐகானை அழுத்திப் பிடித்தால் ‘புதிய அறிவிப்பு’ என்று ஒரு குறுக்குவழி. முகப்பில் நிற்காமல், கடைசியாக வந்த அறிவிப்புக்கு நேரே உள்ளே போகும். அதையே இணைப்பாகவும் அனுப்பலாம்.

செய்து முடித்து அவன் தொட்டுப் பார்த்தபோது யாரோ வீட்டுத் திருமண அழைப்பு வந்தது.

ஏழு மணிக்கு சைக்காலுக்கு அனுப்பினான்: ‘தொட்டுப் பார். ஒரே நொடி.’

சிரித்துக்கொண்டே தொட்டாள்.

ஒரே நொடிதான் ஆனது.

அவள் தோளுக்கு மேலாக எர்மெக்கும் படித்தான். சைக்காலின் அப்பா பெயர். அடக்கம் நாளை மறுநாள்.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. அவளுடைய தாய்மாமனும் இரண்டு பெரியவர்களும், கம்பளித் தொப்பிகளில் பனி ஈரத்தோடு.

“கெளம்பும்மா, ஊருக்கு ஒரு நடை போய்ட்டு வந்துருவோம். அப்பாவுக்குக் கொஞ்சம் முடியலையாம்.”

சைக்கால் போனைக் கவிழ்த்து வைத்தாள். அப்பாவுக்கு என்ன செய்கிறது என்று கேட்டாள்.

மாமன் அவளை உட்காரவைத்தார். கணவாயில் விழுந்த முதல் பனியைப் பற்றிச் சொன்னார். வைக்கோல், ஆடு, இந்த வருஷத்துக் குளிர். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். கடைசியில் சொன்னார்.

அதன் பிறகுதான் அழுதாள்.

பெரியவர்களில் ஒருவர் கண்ணைத் துடைத்தபடி எர்மெக்கின் தோளைப் பிடித்தார்.

“நல்லவேளை தம்பி, நாங்க முந்திக்கிட்டோம். வேற எங்கயாச்சும் காதுல விழுந்திருந்தா புள்ள தாங்கியிருக்காது.”

எர்மெக் சைக்காலின் பையை எடுத்துக் கொடுத்தான்.

அறைக்கு வந்ததும், தான் அனுப்பியதைத் திறந்து பார்க்கப் போனான். அந்த வரி இல்லை. அந்த அரட்டையில் யார் அழித்தாலும் இருவருக்கும் போய்விடும். ஊருக்குப் போகும் வழியில் சைக்கால் அதை இரண்டு பேர் போனிலிருந்தும் அழித்திருந்தாள்.

நோட்டில் மிச்சத்தை எழுதினான்.

‘நாளை: இணைப்பை எடுத்துவிட வேண்டும். காலை ஏழு மணி வண்டி. ஊர் வழக்கப்படி, அவர்கள் வீடு கண்ணில் பட்டதும் வாய்விட்டு அழுதுகொண்டு போக வேண்டும்.’