பத்துக்குப் பத்து

“அப்போ பேச்சுத் தேர்வுல பத்துக்குப் பத்தே போட்டுட்டீரா வே?”

“பூதத்தானுக்குப் போடாம வேற யாருக்குப் போட ஐயா?” என்றார் சத்தியநேசன் வாத்தியார். அந்த மாணவனுக்குக் கல்லூரி உபகாரச் சம்பளம் கேட்டு அவர் அனுப்பிய மனுவுக்கு ஒருவழியாக ஆள் வந்துவிட்டதாக அவருக்குச் சந்தோஷம்.

“யாராவது எழுதிக் கொடுத்திருப்பாவ.”

“ஒரு வரிகூட இல்லை. அவனே யோசிச்சுப் பேசுதான். ஆயிரம் பேர் கூடினாலும் கிளப்பி விட்டுருவான்.”

வந்தவர் அத்தனையையும் எழுதிக்கொண்டு, பையிலிருந்து வாரண்டை எடுத்தார்.

“ஆத்தங்கரைக் கூட்டத்துல வெள்ளைக்காரத் துரைத்தனத்தை எதிர்த்துப் பேசுனது அவன்தான். அவனுக்குப் பேசவே வராதுன்னு ஸ்டேஷன்ல அவன் அம்மை அழுதுக்கிட்டு நிக்கா.”

அவர் எழுதிய தாளை வாத்தியார் எட்டிப் பிடித்தார்.

“நான் சொன்னதை அடிச்சிருங்க ஐயா. சுமாராத்தான் பேசுவான்னு எழுதிக்கிடுங்க.”