பெரட்டில் ஒரு பேர் குறையுது

சேலையை அவிழ்ப்பதா, வேண்டாமா என்று பூரணிக்குத் தெரியவில்லை. இந்தியாவுக்குக் கப்பலேறிய அண்ணன் விட்டுப்போன, ஆம்பளைகள் இடுப்பில் கட்டும் சாரம் ஒன்று கொடியில் தொங்கியது. அதைப் பார்ப்பதும் முந்தானையைப் பிடிப்பதுமாக நின்றாள்.

வெளியே தூறல். காலை பத்து மணிக்கு, ராகலைப் பக்கத்திலிருந்து மூன்று லொறிகளில் துப்பாக்கிக்காரர்கள் தேயிலைத் தோட்டத்துக்குள் வந்து இறங்கியிருந்தார்கள். எங்கேயோ ஏதோ வெடித்ததாம், அதற்கு இந்தத் தோட்டத்து ஆம்பளைகள் பதில் சொல்ல வேண்டுமாம். எண்பத்தாறாம் வருஷத்தில் யாரிடம் போய் நியாயம் கேட்பது?

கதவு இடுக்கில் பக்கத்துக் காம்பரா வீட்டு வேலாயியின் குரல் கேட்டது. "புள்ள பூரணி, இன்னும் என்னா செய்யிற? ஆம்பளைங்களப் பெரட்டுக் களத்துல நிக்க வச்சு லொறியில ஏத்துறாங்க. எங்க வீட்டு ஆளையும் ஏத்திட்டாங்கடி."

"ஐயோ, அக்கா!"

"அழுவ நேரமில்ல. பொம்பளைங்க எல்லாம் கைப்புள்ளைங்கள விட்டுட்டு வேலைக்குப் போற புள்ளைக் காம்பராவுக்குப் போயிறணுமாம். கம்பளியத் தலையில போட்டுக்கிட்டு எங்களோட வந்துரு. யாரும் ஒன்னும் கேக்க மாட்டாங்க."

"செக்ரோல் புத்தகத்துல எம்பேரு சின்னராசான்னுல்லக்கா இருக்கு?"

"அத எவன் பாக்கப் போறான்?"

"கங்காணி?"

"பேர் வாசிக்க அவரத்தான் தேடுறாங்களாம். ஆளு குறையுதாம்" என்றாள் வேலாயி, மெதுவாக.

"நீங்க புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு முன்னால போங்கக்கா. நான் வந்துர்றேன்."

வேலாயியின் காலடிச் சத்தம் தேய்ந்து போனது. பூரணி சுவரோடு ஒண்டி நின்றாள்.

செல்லசாமி கங்காணி அப்படிப்பட்ட ஆள். கொழுந்து மலையில் பெண்களோடு நிரையில் நின்றவளைக் கையைப் பிடித்து இழுத்து, ஆண்களோடு தேயிலைச் செடி கவ்வாத்து வெட்ட அனுப்பியவர் அவர்தான். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் "டேய் சின்னராசா!" என்று மலைக்கே கேட்கிற மாதிரிக் கூப்பிடுவார். அவள் நிமிர்ந்து "ஐயா" என்று சொல்லும்வரை அடுத்த பேருக்குப் போக மாட்டார்.

போன மாதம் பீலியடியில் தண்ணீர் பிடிக்க நின்றவளின் முந்தானையைப் பிடித்து உருவினார். "ஆம்பளையாப் பொறந்தவன் ஆம்பளையா நில்றா!" என்று மீசையை முறுக்கினார். நாலு பேர் சிரித்தார்கள். வேலாயிதான் ஓடிவந்து போர்த்திவிட்டாள்.

அந்த மனுஷனின் வாயில்தான் இப்போது இவள் உயிர் இருந்தது. சாரத்தைக் கட்டினால் லொறி. சேலையோடு போனால் அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேஷம் போட்டு ஒளிந்த ஆள் என்று ஆகிவிடும். ஒளிந்தவனை லொறி வரைக்கும்கூடக் கொண்டுபோக மாட்டார்கள்.

கொடியிலிருந்த சாரத்தை இழுத்து எடுத்தாள். இடுப்பில் வைத்துப் பார்த்தாள். முடியவில்லை. சுருட்டி அடுப்பு மூலையில் எறிந்துவிட்டு, செத்தாலும் பூரணியாகவே சாகிறேன் என்று கொசுவத்தை இறுக்கிச் செருகிக்கொண்டாள்.

அப்போதுதான் கதவு தட்டப்பட்டது.

இடுக்கு வழியாகப் பார்த்தாள். கங்காணி! தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். துண்டு விலகியபோது மேலுதட்டில் ரத்தம் தெரிந்தது. அவரையும் அடித்திருக்கிறார்கள். அடி வாங்கியவர் யாரை வேண்டுமானாலும் காட்டிக் கொடுப்பாரே.

"பூரணி..."

இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்தப் பேர் வந்ததே இல்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. அறுக்கப் போகிற கோழியையும் 'பா பா' என்றுதானே கூப்பிடுவார்கள்.

"ஐயா, நான் யாருக்கும் ஒரு கெடுதியும் செய்யலைங்க. என்னைய விட்டுருங்க."

"கதவத் தொற."

"ஒங்களக் கும்பிட்டுக் கேக்குறேங்கய்யா. நாளையிலேருந்து கூப்பிட்ட பேருக்கு வர்றேன். இன்னைக்கு மட்டும் சொல்லிறாதீங்க."

"சத்தம் போடாத! பீலிப் பக்கம் வந்துட்டாங்க!"

தோளால் ஓர் இடி. பழைய கொண்டி பிய்த்துக்கொண்டு விழுந்தது. உள்ளே வந்தவர் கதவை மூடி அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றார்.

பூரணி சுவர்வரைக்கும் பின்வாங்கினாள். முந்தானையை இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டு கண்களை இறுக மூடினாள். பிடித்து இழுக்க வரும் கைக்காகக் காத்திருந்தாள். கை வரவில்லை.

மெல்லக் கண்ணைத் திறந்தாள். கூரைத் தகர ஓட்டையிலிருந்து விழுந்த வெளிச்சத்தில் அவர் முகம் யாரோ போலிருந்தது. மீசை இல்லை. தண்ணீர்கூடத் தொடாமல் அவசர அவசரமாகச் சிரைத்ததில் நாலைந்து இடத்தில் வெட்டுப்பட்டிருந்தது.

கீழ் லயத்து வீடுகளின் பக்கம் பூட்ஸ் சத்தம் நெருங்கியது. செல்லசாமி கங்காணி இரண்டு கையையும் கூப்பினார்.

"எனக்கும் ஒரு சேல கட்டிவிடு, தாயி."